இரண்டு பேருக்குச் சாம்பார்

நீடாமங்கலம் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். அவர் பட்டாளத்தில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்று வந்து மூன்று மாதமாகிறது என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"இருநூறு பேருக்குன்னா கண்ண மூடிக்கிட்டு உப்பு போடுவேன் செல்வி. ரெண்டு பேருக்குத்தான் கை நிக்க மாட்டேங்குது."

"நேத்து சாம்பாரக் கழனித்தண்ணில ஊத்துனேன். மாடுகூட மோந்துட்டுப் போயிருச்சு."

"டிவி காமெடில பட்டாளத்து சப்பாத்தியால ஆணி அடிக்கிறான். அதப் பாத்துட்டு உன் தம்பி என்னைப் பாத்து சிரிக்கிறான். பனிமலையில என் சப்பாத்திக்கு வரிசையில நின்னவங்கள அவன் பாத்திருக்கானா? இனிமே நான் அடுப்பங்கரைப் பக்கமே வரல, போ."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த அம்மா அவர் முதுகைப் பார்த்துச் சொன்னார்.

"நாளன்னிக்கு நம்ம வயல்ல நடவு. நாப்பது ஆளு வருது. மதியச் சாப்பாடு நீங்கதான் ஆக்குறீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"என்னைக் கேக்காமலா?"

"கேட்டா மாட்டேன்னு சொல்லியிருப்பீங்க."

கோவில்வெண்ணி நிறுத்தம் தாண்டியதும் அவர் கண்டக்டரிடம் பேனா வாங்கி, டிக்கெட்டின் பின்பக்கம் சாமான் பட்டியல் எழுத ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தினார்.

"நாப்பதுன்னாலும் உப்பு கொஞ்சம் தூக்கலாயிடும். பக்கத்து வயல் ஆளுங்களையும் சாப்பிட வரச்சொல்லிடு."