வலி நின்றுவிட்டது

மத்தியாஸ்: ஒண்ணுக்கோட கல்லு விழுந்துச்சா இல்லையா, அத மட்டும் சொல்லு புஷ்பம்.

புஷ்பமேரி: விழுந்துருக்கும்.

மத்தியாஸ்: பாத்தியா?

புஷ்பமேரி: அத எவ உத்துப் பாத்துக்கிட்டு இருப்பா? நேத்து சாயங்காலமே வலி நின்னுருச்சுங்க. விலகுங்க, தோட்டத்து ஜீப்பு ஆரன் அடிக்கிறான்.

மத்தியாஸ்: அடிக்கட்டும். அதென்ன, சுவெட்டருக்கு மேல சுவெட்டரு?

புஷ்பமேரி: சாந்தன்பாறையில குளிராம...

மத்தியாஸ்: கையக் குடு... ஏய்! கொதிக்குதுட்டி!

புஷ்பமேரி: லேசாத்தான். விடியக்காலம் கொஞ்சம் நடுக்கம்... மாத்திர போட்டுட்டேன்.

மத்தியாஸ்: நடுக்கமா? ஐயோ, ஏன் எழுப்பல?

புஷ்பமேரி: நடுங்குனா என்னவாம்?

மத்தியாஸ்: வலி வரும் போகும், சின்னக் கல்லுக்குப் பயப்படாதீங்க, ஆனா நடுக்கத்தோட காய்ச்சல் வந்தா உடனே தூக்கிட்டு வாங்கன்னு டாக்டர் சொன்னாரு!

புஷ்பமேரி: எங்கிட்ட நீங்க அப்படிச் சொல்லவே இல்லையே! நாலு எம்.எம்., தண்ணி குடிச்சாப் போயிரும்னுதான சொன்னீங்க?

மத்தியாஸ்: குடிச்சியா?

புஷ்பமேரி: விடுங்க, ஜீப்பு போயிரும்.

மத்தியாஸ்: தினமும் தோட்டத்துலருந்து தண்ணிக் கேன் காலியாத்தான வருது?

புஷ்பமேரி: ஏலச்செடிக்கு ஊத்திருவேன்.

மத்தியாஸ்: செடிக்கா!

புஷ்பமேரி: கத்தாதீங்க. குடிச்சா ஒதுங்க எங்க போறது? சுத்தி மருந்தடிக்கிற ஆம்பளைங்க. ஒருத்தி துண்ட விரிச்சு மறைச்சு நிக்கணும். அதுக்குள்ள கங்காணி, ரெண்டு பேரையும் எங்கடி காணோம்னு சத்தம் போடுவான். காயெடுக்கிற பொம்பள எவளும் வீடு வந்து சேருற வரைக்கும் தண்ணி தொட மாட்டா. உங்களுக்கென்ன, மரம் கிடைச்சாப் போதும்.

மத்தியாஸ்: கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போன?

புஷ்பமேரி: கேக்குற கேள்வியப் பாரு...

மத்தியாஸ்: சொல்லுட்டி!

புஷ்பமேரி: நேத்து... காலையில. அப்புறம் வரல. வீட்டுக்கு வந்து சொம்பு சொம்பாக் குடிச்சுப் பாத்தேன். முட்டவே இல்ல.

மத்தியாஸ்: மாதாவே!

புஷ்பமேரி: என்னங்க... எதுக்கு அழுறீங்க? எங்கூடக் காயெடுக்கிற முத்துப்பேச்சிக்கும் கல்லு அடைச்சுச்சு, ஒரு பக்கம் போனா இன்னொரு பக்கம் பாத்துக்கும்னு தைரியமாத்தான் இருந்தா. ஆண்டவரு ரெண்டு கிட்னி எதுக்குக் குடுத்துருக்காரு?

மத்தியாஸ்: உனக்கு ஒண்ணுதான் குடுத்துருக்காரு புஷ்பம். பொறப்புலயே ஒண்ணுதான். ஸ்கேன் ரிசல்ட்டு வாங்க நான் மட்டும் போனேன்ல... அன்னைக்கே டாக்டர் சொல்லிட்டாரு. நீ பயந்துருவன்னு நான்தான் மறைச்சுட்டேன்.