இன்னார்

ஞாயிறு மதியம், அடையாறிலிருந்து தி. நகர் போகும் பேருந்து. முன் சீட்டில் மடியில் பைபிளோடு இரண்டு பெண்கள்.

“எங்க பாஸ்டரு கண்ண மூடினா ஜெபம் தானா வரும். உங்க ஆயர் மாதிரி புக்கப் பாத்துக்கினு படிக்கிறதில்ல,” என்றாள் பச்சைப் புடவைக்காரி.

“எங்க ஆயரு எங்க வீட்டுக்காரர இன்னார் ஆக்கிட்டாரு,” என்றாள் கண்ணாடிக்காரி.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காது திரும்பவில்லை.

“ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து ஜெபம் பண்ணாருக்கா. புக்ல ‘உமது அடியானாகிய இன்னாரை’ன்னு கீது. அங்க பேரு சொல்லணும். ஆயரு அவசரத்துல இன்னாரைன்னே படிச்சிட்டாரு.”

“இதுக்குத்தான் எங்க சபைக்கு வான்றேன்.”

“அவ்ளோ வலியிலயும் இவரு சிரிச்சாரு. ஆபரேஷன் முடிஞ்சு நாலு நாளாச்சு, இன்னும் கண்ண முழிக்கல.”

பச்சைப் புடவைக்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சாயங்காலம் ஜெபத்துல சொல்றேன். அவரு பேரு இன்னா?”

“இன்னார்னே சொல்லுக்கா. அந்தப் பேருக்குத்தான் அவரு சிரிச்சாரு.”