ஒரு வாக்கில் வென்ற வெட்கம்

நம் மாவட்டத் தேர்தலை நடத்தி, இந்த அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் ஷெரீப் நாத்தான் குவார்ல்ஸ் அவர்களே! விடுதலைப் போரில் குருதி சிந்திய பெரியவர்களே! பன்றித்தொடை வாட்டி எடுத்து வந்திருக்கும் தாய்மார்களே! வர்ஜீனிய மண்ணின் வாக்காளப் பெருமக்களே! உங்கள் சைலஸ் பெம்பர்டனின் பணிவான வணக்கம்.

நான் சட்டசபைக்குத் தேர்வானதற்கு வெற்றி விழா என்கிறீர்கள். எந்த வெற்றி? யாருடைய வெற்றி? இன்று காலை என் மனைவி டொர்க்காஸ் வாய் திறந்து சொன்னதைக் கேட்டதிலிருந்து என் நெஞ்சு பதறுகிறது, ஐயா, பதறுகிறது!

தேர்தலன்று நான் நெஞ்சுக் காய்ச்சலில் கிடந்தேன். வைத்தியம் பார்த்தவர் யார்? என்னை எதிர்த்து நின்ற டாக்டர் அம்புரோஸ் டாலிவர்! நீங்கள் என்ன பேசினீர்கள்? "டாக்டரு கில்லாடிப்பா! எதிராளியப் படுக்கையில போட்டுட்டு, தான் மட்டும் ஓட்டுக்காக ஊருக்கு ரம் ஊத்துறாரு!"

சிரிக்காதீர்கள்! நானும் அப்படித்தான் நினைத்தேன். எழுந்தவனை அழுத்திப் படுக்க வைத்தார். "படி எறங்கினா செத்துப்போவீங்க, பெம்பர்டன். பேசாம படுங்க." பதவிக்காகப் பூட்டி வைக்கிற பாவி என்று முகத்துக்கு நேரே திட்டினேன்.

நம் வழக்கம் என்ன? நீதிமன்ற வாசலில் நின்று வாக்கை வாய்விட்டுச் சொல்வோம். போட்டியிடுகிறவன் தன் பெயரைச் சொல்ல மாட்டான். எதிராளியின் பெயரைச் சொல்வான். டாலிவர் என் பெயரைச் சொன்னார். அவர் பெயரைச் சொல்ல வேண்டிய நானோ கட்டிலில் கிடந்தேன்!

மாலையில், வாக்குப்பதிவு முடியப்போகும் நேரம், எனக்கு நூற்றுப் பதினான்கு வாக்கு, அவருக்கு நூற்றுப் பதின்மூன்று. டொர்க்காஸ் சொன்னது இதுதான்: அப்போது என் காய்ச்சலைப் பார்க்க வந்திருந்த அவரைத் தேடி, அவருடைய ஆட்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்களாம்.

"டாக்டரே, இந்த மனுஷனக் கட்டிலோட தூக்கிட்டுப் போறோம். உங்க பேர ஒரு வாட்டி சொன்னாப் போதும், சமமாயிடும்!"

"குளிர்காத்து பட்டா ஆளு காலி. வண்டியத் திருப்புங்கடா!" என்று கதவை மறித்து நின்றாராம். பிறகு டொர்க்காஸிடம், "இவரு நல்லாத் தேறுற வரைக்கும் சொல்லாதீங்கம்மா. கேட்டா எழுந்து ஓடிடுவாரு" என்றாராம்.

ஷெரீப் அவர்களே, சமமானால் முடிவு உங்கள் கையில். யாருக்குப் போட்டிருப்பீர்கள்?

"டாலிவருக்குத்தான்யா. அதிலென்ன சந்தேகம்?"

கேட்டீர்களா? ஐயோ, கேட்டீர்களா! பதவி வேண்டுமா, நோயாளி வேண்டுமா என்ற போது என்னைப் பிழைக்க வைத்துவிட்டுத் தோற்ற மனிதரைத்தானே மூன்று வாரமாகத் தெருவில் ஏசினோம்? பிள்ளைக்குச் சுரம் வந்தால்கூட அவரை அழைக்காமல் கதவைச் சாத்தினோமே! இது மனிதர் செய்கிற காரியமா?

எழுதிக்கொள்ளுங்கள், ஷெரீப் அவர்களே. இந்தச் சட்டசபை நாற்காலி எனக்கு வேண்டாம். மறுதேர்தலுக்கு ஊரைக் கூட்டுங்கள். இப்போது மேடையை விட்டு இறங்கி அவர் வீட்டுக்கு நடக்கிறேன். அவரைத் திட்டிய அத்தனை வாயும் என்னோடு வந்து மன்னிப்புக் கேட்கட்டும். முதல் வாய் என்னுடையது.

பொறுமையோடு கேட்டீர்கள். நன்றி, வணக்கம். வழி விடுங்கள்.