வெளியே தொங்கின பூட்டு

உக்காருங்க சார், கோவம் உங்க மேல இல்ல. இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிச்சு வந்திருக்கீங்க, அது உங்க வேலை. ஆனா எங்க வீட்டுக்காரர் செஞ்சு வச்ச பாதுகாப்பைப் பத்தி எங்கிட்டயே புகழ்ந்து பேசாதீங்க. பத்திக்கிட்டு வருது.

ஆமா, ஜன்னலுக்கெல்லாம் கம்பி போட்டாரு. பால்கனிக்குக் கம்பி. பாத்ரூம்ல கை நுழையற அளவுக்கு ஒரு ஓட்டை, அதுக்கும் கம்பி. பூனைகூட நுழைய முடியாது அதுல, திருடன் எங்க நுழையறது? கேமராவா? வச்சாரே! வாசலைப் பாத்து வச்சாரான்னு கேளுங்க. அடுப்படியைப் பாத்து வச்சாரு. ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு, என்ன இவ்ளோ நேரமா ஆளைக் காணோம்னு போன் பண்ணுவாரு. பால்கனியில துணி காயப்போட்டேன்னா, எத்தனை துணின்னு கேப்பாரு. திருடன் வந்த அன்னிக்கு மட்டும் கேமரா ரிப்பேர்னு சொன்னாரா? சொல்லுவாரு, சொல்லுவாரு.

பூட்டா? அதைக் கேளுங்க. தூக்கிப் போட்டா மண்டை உடையும், அவ்ளோ கனம். காலையில கிளம்பறப்ப வெளிப்பக்கம் மாட்டி, இழுத்து இழுத்துப் பாத்துட்டுத்தான் போவாரு. பூட்டு தொங்கினா எவனும் வந்து பெல் அடிக்க மாட்டானாம். அந்த மூளைக்கு ஒண்ணு உறைக்கல பாருங்க. பகல் முழுக்க வெளிய பூட்டு தொங்கினா, வீட்டுல ஆளில்லன்னு திருடனுக்கு இவரே தண்டோரா போட்ட மாதிரிதானே? வந்தானுங்க ரெண்டு பேரு. பூட்டுல கடப்பாரையை விட்டு ஒரே நெம்பு. தெறிச்சு விழுந்துச்சு.

எனக்கு எப்படித் தெரியுமா? சத்தம் கேட்டுச்சே.

இல்ல சார், நான் அன்னிக்கு இங்க அக்கா வீட்டுல இல்ல. இங்கதான் இருந்தேன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டுட்டு ஒழுங்கா வீடு வந்து சேருன்னு நேத்துதான் போன்ல பாடம் எடுத்தாரு. போட மாட்டேன். போட்டா, மூணு வருஷம் அந்த வீட்டுக்குள்ள நான் பூட்டிக் கிடந்ததே இல்லன்னு ஆயிடும்.

கையில கரண்டியோட நின்னேன். முன்னாடி வந்தவன் என்னைப் பாத்ததும் அலறிட்டான். என்னக்கா, ஆளை உள்ள வச்சா பூட்டிட்டுப் போறாங்கன்னான். திருடன் கேக்கறான் சார், அந்தக் கேள்வியை! எனக்கு அழுகையே வந்துடுச்சு. ரெண்டு பேரும் விழுந்தடிச்சு ஓடிட்டானுங்க. ஒரு ஸ்பூனைக்கூடத் தொடல.

நகையா? இதோ, கழுத்துல கிடக்கு. எங்கம்மா போட்டது. அடுப்பை அணைச்சேன், இதை எடுத்து மாட்டினேன், செருப்பைத் தேடினேன். பழசு அறுந்ததுக்கப்புறம் அவரு வாங்கியே தரல, வீட்டுல இருக்கறவளுக்கு எதுக்குன்னு. வெறுங்கால்லயே வந்துட்டேன்.

எழுதிக்குங்க சார், நான் சொன்னபடியே எழுதுங்க. சாயங்காலம் அவரு வந்து பாக்கறப்ப நகையும் இல்ல, நானும் இல்ல. நகையைக் காணோம்னு மட்டுந்தான் போலீஸ்ல புகார் குடுத்திருக்காரு.