பயமில்லைன்னு ஒரு வார்த்தை

பாஸ்டர்: …அந்தத் தலகாணிய இன்னும் கொஞ்சம் தூக்கி வெய்யிங்கம்மா. மூஞ்சியில வெளிச்சம் உளுவோணும்.

அத்தாயி: ஏனுங்க பாஸ்டருங்க, சாகப்போற மனுசன் மூஞ்சிக்கு வெளிச்சம் எதுக்குங்க?

அர்த்தனாரி: போட்டோ நல்லா உளுந்தாத்தான அத்தாயி மேல சேத்துக்குவாங்க.

பாஸ்டர்: போட்டோ இல்லீங்கய்யா, வீடியோ. அடுத்த மாசம் சோளக்காட்டுக் கூட்டத்துல போட்டுக் காட்டறதுக்கு. ஒரே ஒரு வரி. "நான் ஆபிரகாம். எனக்குச் சாகறதுக்குப் பயமில்லை." அவ்வளவுதான். ரெடியா?

அர்த்தனாரி: ஆபிரகாம் ஆரு?

பாஸ்டர்: நீங்கதானுங்க! பதினெட்டு வருசத்துக்கு முன்னால நானே தண்ணியில முக்கி வெச்ச பேரு.

அர்த்தனாரி: ஆமாமா… மார்கழி மாசத்துல முக்குனீங்க. பல்லு தந்தியடிச்சதுல பேரு காதுல உளுவல.

அத்தாயி: ரேசன் கார்டு, பட்டா, சேலத்து ஆஸ்பத்திரிச் சீட்டு… எல்லாத்துலயும் அர்த்தனாரிதானுங்க.

பாஸ்டர்: பரலோகத்துல ரேசன் கார்டு கேக்கமாட்டாங்கம்மா.

அர்த்தனாரி: கேக்காம உள்ள உடற எடம் ஒண்ணு இருக்குதுன்னா, அதுவே பெரிய சமாச்சாரம்.

பாஸ்டர்: சரி, பேரே வேண்டாம். பயமில்லைன்னு மட்டும் சொல்லுங்க. போன் ஓடுது…

அர்த்தனாரி: மோடம் போடுது அத்தாயி, மழ வந்துரும், வாசல்ல கெடக்கற மிளக அள்ளி உள்ள போடு.

பாஸ்டர்: ஐயோ, அதுவும் பதிவாயிருச்சு!

அத்தாயி: இருக்கட்டுமுங்க, நல்ல வார்த்தைதான. அவரு வாயில வேலவெட்டிப் பேச்சு வந்து நாலு வருசமாச்சு.

பாஸ்டர்: ஆறு நாளா வாரேன் அய்யா. தெனமும் ரெண்டு மைல் ஏத்தம். மொத நாளு வாந்தின்னீங்க. ரெண்டாம் நாளு சட்ட நல்லா இல்லைன்னீங்க. மூணாம் நாளு…

அர்த்தனாரி: மூணாம் நாளு நீங்க பெரிய எழுத்து பைபிளத் தூக்கி நெஞ்சு மேல வெச்சுட்டீங்க. அன்னிக்கே போய்ச் சேந்திருப்பேன்.

பாஸ்டர்: பாக்கறதுக்கு நல்லா இருக்குமேன்னு வெச்சனுங்க.

அர்த்தனாரி: பாக்கறவங்களுக்கு நல்லாத்தான் இருந்துருக்கும்.

பாஸ்டர்: நேத்துக்கூடக் கேட்டேன். வெள்ள உடுப்புப் போட்ட ஆளுங்க யாராச்சும் கண்ணுக்குத் தெரியறாங்களான்னு…

அர்த்தனாரி: தெரிஞ்சாங்கன்னு சொன்னனே.

பாஸ்டர்: அது ஆம்புலன்ஸ் டிரைவருங்க!

அர்த்தனாரி: எழுவது வளைவு மல ஏறி வந்து என்னய எறக்கி உட்டுட்டுப் போனான். தேவதூதன்னா அதுக்கு மேல என்ன பண்ணிருவான்?

அத்தாயி: டீ ஆறுது, குடிங்க பாஸ்டருங்க.

பாஸ்டர்: வேண்டாங்கம்மா… உபவாசம்.

அத்தாயி: ஆறு நாளாவா? அதான் தொண்ட கம்மிப்போயிக் கெடக்குது. மைக்கு இல்லாமயே ஆலத்தூர் நாடு முச்சூடும் கேக்கற தொண்ட.

பாஸ்டர்: சளிங்க. பனி ஒத்துக்கல.

அர்த்தனாரி: இந்தத் தொண்டய வெச்சுக்கிட்டு என்ற சாவுல என்னத்தப் பேசப் போறீங்க?

பாஸ்டர்: அன்னிக்கு ஆண்டவர் வார்த்தை தருவாருங்க.

அர்த்தனாரி: அவரு புதுசா என்னத்தத் தர்றது? மொதல்ல பஸ்சுக் கத. எல்லாரும் ஒரே பஸ்சுல போறோம், அவங்கவங்க ஸ்டாப்பு வந்தா எறங்கோணும். அப்பறம் ஒரு டம்ளர் தண்ணி. அப்பறம், "சாவுங்கறது சுவரு இல்ல, கதவு"…

பாஸ்டர்: எல்லாத்தயும் கவனிச்சிருக்கீங்க.

அர்த்தனாரி: முப்பது சாவுல கேட்டிருக்கறனல்ல. நீங்க மறந்துட்டா, பொட்டிக்குள்ள இருந்து அடுத்த வரிய நானே எடுத்துக் குடுப்பேன்.

அத்தாயி: பேசற பேச்சப் பாருங்க… எனக்கும் சிரிப்பு வருது, பாழாப்போன சிரிப்பு.

பாஸ்டர்: அந்த எடத்துல பசி இல்ல, நோவு இல்ல அய்யா. அத நெனச்சுக்கிட்டே சொல்லுங்க, தானா வரும்.

அர்த்தனாரி: பசியே இல்லீங்களா?

பாஸ்டர்: இல்லவே இல்லீங்க.

அர்த்தனாரி: அப்ப அடுப்பும் இருக்காது. இவ வெச்ச கொழம்பக் கொற சொல்லாம அங்க நான் எப்பிடி நாள ஓட்டறது?

அத்தாயி: அம்பது வருசம் சொன்னது பத்தலையாக்கும்…

அர்த்தனாரி: பத்தல… அட, எதுக்கு அழுவற? உப்புக் கொறச்சல்னுதான சொன்னேன்.

பாஸ்டர்: அய்யா… டாக்டர் பத்து நாளுன்னு சொல்லி, ஏழு நாளு போயிருச்சு. நீங்க பயமில்லைன்னு சொன்னா எத்தனையோ பேருக்கு ஆறுதலா இருக்குமுங்க.

அர்த்தனாரி: நான் ஒண்ணு கேக்கறேன். ஏசு சாமி புடிபட்ட ராத்திரி, தோட்டத்துல வேர்த்து ஊத்தித் தவிச்சாருன்னு வருசா வருசம் நீங்கதான சொல்றீங்க?

பாஸ்டர்: ஆமாங்க.

அர்த்தனாரி: கூட இருந்தவங்கள, சித்த நேரம் தூங்காம இருங்கப்பான்னு கேட்டாருன்னும் சொன்னீங்க.

பாஸ்டர்: சொன்னனுங்க.

அர்த்தனாரி: அவருக்கே அப்பிடி. எனக்குப் பயமில்லைன்னு நான் வீடியோவுல சொன்னா, அவர விடப் பெரிய வீரனா நானு? மேல போயி எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவரப் பாக்கறது?

பாஸ்டர்: அது வேற விசயமுங்க.

அர்த்தனாரி: எப்பிடி வேற?

பாஸ்டர்: வெளக்கறதுக்கு நேரமில்லீங்க, சார்ஜு பதினஞ்சுதான் இருக்குது.

அத்தாயி: ஏனுங்க, சொல்லித்தான் தொலைங்களேன். மனுசன் தெனமும் தொண்டயக் கட்டிக்கிட்டு நடந்து வாராரு.

அர்த்தனாரி: சும்மா சொல்லமாட்டேன். என்ற தம்பி மாணிக்கம் மேளம் கொண்டாரேங்கறான். எங்க அய்யன் சாவுக்கு அடிச்ச மாதிரி எனக்கும் அடிக்கோணுமாம். அதுக்குப் பாஸ்டரு ஒத்துக்கட்டும்.

அத்தாயி: ஆகற பேச்சப் பேசுங்க. மேளச் சத்தம் கேட்டா இவரு பாதி ஜெபத்துல எந்திரிச்சுப் போயிருவாரு.

பாஸ்டர்: அடிக்கட்டுங்க.

அத்தாயி: என்னதுங்க?

பாஸ்டர்: மேளந்தான… அடிக்கட்டும்.

அர்த்தனாரி: …குழியில ஒரு கை சாமை போடறதும் எங்க ஊட்டு வழக்கமுங்க.

பாஸ்டர்: போடட்டும்.

அர்த்தனாரி: மூணாம் நாளு கெடா வெட்டுவான்.

பாஸ்டர்: வெட்டட்டுமுங்க.

அர்த்தனாரி: சாராயம்…?

பாஸ்டர்: அன்னிக்கு நான்… நான் கண்டுக்கமாட்டேன். போதுங்களா? சொல்லுங்க.

அத்தாயி: இருங்க, இருங்க. சங்கீதா மாமனாரு சாவுல ஒரே ஒரு ஊதுபத்திக்கு ஒரு மணி நேரம் சண்ட கட்டுன பாஸ்டருதான நீங்க?

பாஸ்டர்: காலம் மாறுதுங்கம்மா.

அத்தாயி: ஆறு நாளுல மாறிருச்சா?

பாஸ்டர்: அய்யா, நீங்க கேட்டதுக்கெல்லாம் சரின்னுட்டேன். இப்பச் சொல்லோணும்.

அர்த்தனாரி: அசத்துது, கண்ணு சொருகுது. நாளைக்கு வாங்க, சொல்றேன்.

பாஸ்டர்: இல்லீங்கய்யா. இன்னிக்கே.

அர்த்தனாரி: நான் ராத்திரியே போயிரமாட்டேன், பயப்படாதீங்க. நாளைக்குப் பொழுதோட வாங்க.

பாஸ்டர்: நாளைக்கு என்னால வரமுடியாதுங்க!

அத்தாயி: எதுக்குங்க இப்பிடிக் கத்தறீங்க? கூட்டத்துக்கு இன்னும் ஒரு மாசம் கெடக்குது… அட, கேக்கோணும்னு இருந்தேன். பக்கத்து ஊட்டுக் கோகிலா கூட்டத்து நோட்டீசு கொண்டாந்து காட்டுனா. அதுல உங்க பேரே இல்லீங்களே? முருகானந்தம் பாஸ்டரு பேருதான இருந்துச்சு? அப்பறம் இந்த வீடியோ எந்தக் கூட்டத்துக்குங்க?

பாஸ்டர்: எந்தக் கூட்டத்துக்கும் இல்லீங்கம்மா.

அத்தாயி: பின்ன ஆருக்கு?

பாஸ்டர்: எனக்குங்க.

அர்த்தனாரி: உங்களுக்கா? முப்பது சாவுல பேசுன ஆளுக்கா?

பாஸ்டர்: முப்பது தடவயும் நான் நின்னுக்கிட்டுப் பேசுனனுங்க அய்யா. படுத்துக்கிட்டுப் பேசல.

அத்தாயி: என்ன சாமி சொல்றீங்க?

பாஸ்டர்: சளி இல்லீங்கம்மா இது. கட்டி. உபவாசமும் இல்ல, டீ உள்ள எறங்கமாட்டேங்குது. நாளைக்குக் காலைல சேலத்துல படுக்க வரச் சொல்லிருக்காங்க, மறுநாளு ஆப்பரேசன். பொழைச்சாலும் பேச்சு வராதாம். பொழைக்கறதே… டாக்டரு தலையத்தான் ஆட்டுனாரு. எந்தப் பக்கம் ஆட்டுனாருன்னு எனக்குத் தெரியல.

அத்தாயி: அட ஆண்டவனே… சபையில ஆருக்கும் சொல்லலீங்களா?

பாஸ்டர்: எப்பிடிங்கம்மா சொல்றது? கதவுன்னு சொன்ன வாயில, கதவப் பாத்தாக் காலு நடுங்குதுன்னு எப்பிடிச் சொல்றது? என்ற பிரசங்கத்த நானே போன்ல போட்டுக் கேட்டேன். பஸ்சுக் கத வந்ததும் எனக்கே கோவம் வந்து நிறுத்திட்டேன். சாவுப் படுக்கையில நெசமாவே படுத்திருக்கற ஒருத்தரு சொன்னா… ஆப்பரேசனுக்கு உள்ள தள்ளிக்கிட்டுப் போறதுக்கு முந்தி ஒருக்காக் கேட்டுக்கலாம்னு இருந்தேன். பொய்யா இருந்தாலும் பரவால்லீங்க அய்யா. ஒரே ஒருக்காச் சொல்லுங்க.

அர்த்தனாரி: ஆறு நாளா நான் எதுக்கு இழுத்தடிச்சேன்னு நெனச்ச கண்ணு? சொல்லிப்புட்டா மறுநாளு நீ வரமாட்டியேன்னுதான். நீ அந்தப் பக்கம் எறங்கிப் போனதும் இந்தப் பக்கம் எனக்குக் கொல நடுங்கிப் போகுது, அத்தாயிக்குக்கூட நான் சொன்னதில்ல. பயமாத்தான் இருக்குது கண்ணு… ரொம்பப் பயமா இருக்குது. இப்பிடி வந்து ஒட்டி ஒக்காரு.