என் பந்தலுக்குள் புகுந்த சாமுராய்கள்

ஓடுகிறேன். திராட்சைப் பந்தலுக்கடியில் குனிந்து ஓடுகிறேன். பழுத்த கொத்துகள் தலையில் இடிக்கின்றன. பின்னால் முரசு. டம். டம். "ஏலே, குதிரை வருது! விலகுங்கடா!"

ஆவணி மாதம். வெள்ளிக்கிழமை காலை. காமயகவுண்டன்பட்டி. எங்கள் தரிசில் சினிமாப் படப்பிடிப்பு. ஜப்பானில் அந்தக் காலத்தில் இரண்டு சாமுராய் வம்சங்கள் மோதிய போராம். சிவப்புக் கொடிக்கு எங்கள் ஊர் ஆட்கள். கறுப்புக் கொடிக்கு, நான் பிறந்த தேவாரத்து ஆட்கள். சிவப்பில் என் வீட்டுக்காரர். கறுப்பில் என் அண்ணன். கையில் மரவாள். வரப்பைத் தாண்டினால் என் தோட்டம். திங்கட்கிழமை வியாபாரி பழம் வெட்ட வருகிறார். அதனால் உள்ளே காவலுக்கு நின்றேன்.

எனக்கு முதலிலேயே சந்தேகம். கதைப்படி சிவப்பு தோற்க வேண்டும். என் வீட்டுக்காரரை வெட்டிச் சாய்ப்பது அண்ணன். இத்தனை பேரில் இவர்கள் மட்டும் எப்படி எதிரெதிரே வந்தார்கள்? அண்ணன் சினிமாக் கம்பெனி மேனேஜரிடம் குசுகுசுத்ததைப் பார்த்தேன். டீ கேட்டானாம். நம்புகிற ஆளா நான்? இருவருக்கும் பொங்கல் சீர்த் தகராறு இன்னும் புகைந்துகொண்டுதான் இருந்தது. என் வீட்டுக்காரர் மட்டும் யோக்கியமா? கவசத்துக்குள் சாக்கைச் சுருட்டித் திணித்துக்கொண்டு போனார். சாகப் போகிறவருக்கு எதற்குச் சாக்கு?

வெடி. புகை. அண்ணன் வாளை வீசினான். இவர் விழவில்லை.

"விழுங்க சார், விழுங்க!" மைக்கில் டைரக்டரின் கத்தல்.

"மச்சான் கையால நான் சாகவா? ஊரே பாத்துட்டு இருக்கு!"

அண்ணன் மறுபடி ஓங்கினான். சத்தென்று அடி விழுந்தது. அது நடிப்பு இல்லை. இவர் திருப்பிக் கொடுத்தார். சிவப்பில் அதன்பின் ஒருவரும் விழவில்லை. செத்துக் கிடந்தவர்களும் எழுந்து வந்தார்கள். குதிரைகள் மிரண்டன. இரண்டு வம்சமும் கட்டிப் புரண்டு என் தோட்டத்துக்குள்.

"ஏத்தா, வெளிய வா! தூணு சாயுது!"

முகமூடிக்குள்ளிருந்து வந்த குரல். தான்தான் கத்தியது என்று என் வீட்டுக்காரர், அண்ணன் இருவருமே சொல்கிறார்கள். இருவரையும் நான் நம்பவில்லை. மடார். கல்தூண் விழுந்தது. கம்பி அறுந்தது. வரிசை வரிசையாகச் சாய்ந்தது. நான் வரப்பில் நின்று மாரில் அடித்துக்கொண்டேன்.

போனதைச் சொல்கிறேன். கல்தூண் பதினொன்று. இந்த வெட்டுப் பழம் மொத்தமும். அண்ணனின் முன்பல் ஒன்று. பிறந்த வீட்டுப் போக்குவரத்து. கதைப்படி சாக வேண்டியவர்கள் நாற்பது பேர். ஒருத்தரும் சாகவில்லை. செத்தது என் தோட்டம்.