கரண்டு கம்பும் கொழுந்தன் பொண்டாட்டியும்

ஞாயிறு பூசை முடிந்து கலஹா ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஜெபமாலை சொல்லியபடி வந்தேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவள் சொன்னாள்:

"மாட்ட வெரட்டுற கரண்டு கம்பு வாங்கினேன்க்கா. பட்டன அமுக்கித் தொட்டா சுள்ளுனு அடிக்கும்."

"ஒன் பசு சாதுவாச்சேடி?"

"என் கொழுந்தன் பொண்டாட்டிகிட்டதான் சாது. நான் புல்லறுத்துப் போடுறேன், அவ கை பட்டாத்தான் பால் விடுது. வயிறு எரியுமா எரியாதா?"

"அதுக்காக வாயில்லா சீவன அடிச்சியா?"

"ஒரே ஒரு தடவதான். கயித்த அத்துக்கிட்டு நேரா அவ வீட்டுக் காம்பரா வாசல்ல போய் நின்னுருச்சு. இன்னும் அங்கதான் நிக்குது."

ஜெபமாலையில் எத்தனையாவது மணி என்பதை மறந்துவிட்டேன்.

"இப்ப பால அவளே வச்சுக்கிறாளா?"

"வச்சுக்கிட்டா சண்ட போட்டிருப்பேனே. சொட்டுக் கொறையாமக் கறந்து, செம்ப நல்லா மூடி, என் வீட்டுக்கே கொண்டாந்து குடுக்குறாக்கா. அதத்தான் தாங்க முடியல."